முகத்துச் சிலந்தி நரம்புகளை நீக்கக் கற்றுக்கொள்ள ஒரு நாள் பயிற்சி போதுமா?

கிழக்கு லண்டனில் 8 ஆண்டுகளாக அழகு நிலையம் நடத்திவரும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அழகுக்கலையில் மூன்றாம் நிலைத் தகுதி பெற்றவர் அவர். மூக்கோரத்திலும் கன்னத்திலும் சிவப்புக் கோடுகளாகத் தெரியும் சிலந்தி நரம்புகளை நீக்கும் இயந்திரம் ஒன்றை வாங்க நினைக்கிறார். இயந்திரத்தோடு ஒரு நாள் பயிற்சியும் சான்றிதழும் தருவதாக விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். அது போதுமா, போதாதென்றால் நல்ல பயிற்சியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

போதாது, சகோதரி. தோல் மருத்துவப் பிரிவில் செவிலியராக இருந்து, பின்னர் 12 ஆண்டுகளாக இந்தச் சிகிச்சையைப் பிறருக்குக் கற்பித்துவருபவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கை பழக நாளாகும் என்பதைத்தான் பலரும் காரணமாகக் காட்டுவார்கள். அது உண்மையே. ஆனால் ஊசியைப் பிடிக்கும் கையைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம்; முகத்தைப் பார்க்கும் கண்ணைப் பழக்கத்தான் மாதங்கள் ஆகின்றன. எந்தக் கோட்டை நீக்கலாம், எதைத் தொடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்தறியக் கற்பிக்காத பயிற்சி எத்தனை நாள் நடந்தாலும் அது இயந்திரத்தின் செயல்விளக்கம் மட்டுமே.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கையில் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம். வலியைக் கடத்துவதையும் நரம்பு என்கிறோம். இதனால், "நரம்பைச் சுட்டால் முகவாதம் வந்துவிடுமா?" என்று அஞ்சிக் கேட்கும் வாடிக்கையாளர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். இந்தக் கோடுகள் இரத்தக் குழாய்கள். முகத்தை அசைக்கும் நரம்புகள் இவற்றைவிட மிக ஆழத்தில் வேறாக ஓடுகின்றன. மருத்துவத்தில் டெலாஞ்சியெக்டேசியா என்று அழைக்கப்படும் இவை, தோலின் மேலடுக்கை ஒட்டி ஓடும் நுண்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோனவை, 0.1 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை அகலம் உடையவை. மெல்லிய சிவப்புக் கோடுகள் பெரும்பாலும் தமனிப் பக்கத்திலிருந்தும், சற்றுத் தடித்த நீலக் கோடுகள் சிரைப் பக்கத்திலிருந்தும் வருபவை. விரிந்த குழாய் தானாகச் சுருங்குவது அரிது. கர்ப்ப காலத்தில் தோன்றுபவை ஒரு விதிவிலக்கு. ஈஸ்ட்ரோஜன் மிகுதியால் வரும் அவை, குழந்தை பிறந்த சில மாதங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே கர்ப்பிணிக்குச் சொல்ல வேண்டிய பதில் "காத்திருங்கள்" என்பதுதான்.

இனிப் பார்த்தல். என் வகுப்பின் முதல் இரண்டு நாள்களில் மாணவர்கள் எந்தக் கருவியையும் இயக்குவதில்லை. ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப், நல்ல பகல் வெளிச்சம் ஆகியவற்றோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கண்ணாடித் தகட்டால் கோட்டை மெல்ல அழுத்தினால் இரத்தம் ஒதுங்கி நிறம் மறைய வேண்டும். விட்டவுடன் திரும்ப வேண்டும். அழுத்தியும் மறையாத சிவப்பு, குழாய்க்கு வெளியே கசிந்த இரத்தமாகவோ வேறொன்றாகவோ இருக்கலாம். நிறம் திரும்பும் திசையையும் கவனிக்க வேண்டும். சிலந்தி மச்சம் எனப்படும் ஸ்பைடர் நீவஸில், நடுவில் ஒரு சிறு தமனி கீழிருந்து மேலே வந்து, அதிலிருந்து கால்கள் போலக் கிளைகள் பிரிகின்றன. நடுப்புள்ளியை மட்டும் ஒரு கூர்முனையால் அழுத்தினால் கால்கள் எல்லாம் வெளிறிவிடும். இங்கே சிகிச்சை நடுப்புள்ளிக்கு உரியது. கால்களை ஒவ்வொன்றாகச் சுட்டால் ஊற்று அப்படியே இருக்க, சில வாரங்களில் கால்கள் மீண்டும் முளைக்கும். ஒன்றிரண்டு சிலந்தி மச்சங்கள் உடல்நலம் நன்றாக இருப்பவர்களுக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும், வரக்கூடியவைதாம். ஆனால் வளர்ந்த ஒருவருக்கு முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ஐந்தாறுக்கு மேல் புதிதாகத் தோன்றியிருந்தால், கல்லீரலைப் பரிசோதிக்காமல் அவற்றில் கை வைக்கக் கூடாது.

மூக்கின் மேல் ஒரே இடத்தில் மட்டும் தெரியும் குழாய்களை நான் எப்போதும் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்வேன். பேசல் செல் கார்சினோமா என்னும் தோல் புற்றுநோய், முத்துப் போலப் பளபளக்கும் சிறு மேட்டின் மீது, மரக்கிளைகள் போலப் பிரியும் தெளிவான சிவப்புக் குழாய்களோடு தொடங்குவது வழக்கம். பிரிட்டனில் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வகை இதுதான். அதன் மேலுள்ள குழாய்களைச் சுட்டு மறைத்துவிட்டால் கண்ணில் படும் அடையாளம் போய்விடும். கட்டி அடியில் வளர்ந்துகொண்டிருக்கும். வெள்ளைத் தோலினரைவிட நம் நிறத்தவர்களுக்கு இது குறைவு; வரும்போது கருநிறப் புள்ளியாகவே பெரும்பாலும் வரும். ஆனால் உங்கள் நிலையத்துக்கு எல்லா நிறத்தவரும் வருவார்கள் அல்லவா? டெர்மோஸ்கோப்பைத் தோலில் அழுத்தாமல், தொடாத நிலையில் முனைவாக்கப்பட்ட (polarised) ஒளியில் பார்க்கப் பழக வேண்டும். அழுத்தினால் நாம் பார்க்க வந்த குழாயே வெளிறி மறைந்துவிடும்.

வேறு சில முகங்களும் உண்டு. கன்னம் இரண்டும் மூக்கும் சேர்ந்து சிவந்து, எரிச்சலும் சூடேறுதலும் சிறு பருக்களும் இருந்தால் ரோசேசியா என்னும் நாள்பட்ட தோல் அழற்சியாக இருக்கலாம்; அது அடங்கிய பிறகே குழாய்களைக் கவனிக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சி வடிவில் கன்னங்களில் படர்ந்து, மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவைக்கும் சிவப்பு, மூட்டுவலியோடும் களைப்போடும் வந்தால், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயை நினைக்க வேண்டும். உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சிவப்புப் புள்ளிகள் இருந்து, அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிகிறது என்றும் வீட்டில் இன்னொருவருக்கும் அப்படித்தான் என்றும் ஒருவர் சொன்னால், அது பரம்பரையாக வரும் இரத்தக் குழாய் நோயாக இருக்கலாம்; நுரையீரலிலும் மூளையிலும் இதே கோளாறு ஒளிந்திருக்கக்கூடும். நோயின் பெயரைச் சொல்வது உங்கள் வேலையும் அன்று, உங்கள் உரிமையும் அன்று. இது என் வேலைக்கு அப்பாற்பட்டது என்று அறிந்து, குடும்ப மருத்துவருக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதி அனுப்பத் தெரிந்தால் போதும். அந்தக் கடிதத்தை எழுதும் பயிற்சியும் பாடத்தில் இருக்க வேண்டும்.

நம்மவர்களிடையே இன்னொரு காரணம் மிகவும் பரவலானது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். முகம் வெளுக்க என்று பூசும் கிரீம்களைச் சொல்கிறேன். இவற்றுள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. தொடக்கத்தில் முகம் தெளிந்ததுபோல் தோன்றும். மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிந்து, குழாய்கள் விரிந்து, பூசுவதை நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். இந்தியாவில் இத்தகைய மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு இருந்த வழியை 2018-இல் அரசு அடைத்தது. ஆயினும் ஊரிலிருந்து வருபவர்களின் பெட்டியில் இன்றும் அவை வருகின்றன. என்னிடம் வந்த ஒரு பெண்மணி, 4 ஆண்டுகளாகத் தன் அக்கா அனுப்பிவைக்கும் கிரீமைப் பூசிவந்தவர். "மருந்து ஏதும் பாவிக்கிறீர்களா?" என்று கேட்டபோது இல்லை என்றே சொன்னார், அவரைப் பொறுத்தவரை அது மருந்து அன்று, கிரீம். "முகத்துக்குப் பூசும் எல்லாவற்றையும் அடுத்த முறை கையோடு கொண்டுவாருங்கள்" என்று சொன்ன பிறகுதான் அந்தக் கிரீம் என் மேசைக்கு வந்தது. மெலிந்த தோலில் சூடு வைத்தால் வடு விழும். கிரீம் தொடரும்வரை குழாய்களும் தொடரும். திடீரென்று நிறுத்தினால் முகம் கொந்தளிக்கும் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக விடுவித்த பிறகே வேறு எதையும் யோசிக்க முடியும். அவருக்கு அதற்கு 7 மாதங்கள் ஆயின. குழாய்களில் பாதி அதற்குள் தாமாகவே மங்கியிருந்தன.

இவற்றையெல்லாம் பழுப்புத் தோலில் பார்க்கக் கற்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இங்கே நடக்கும் வகுப்புகளில் நான் கண்ட படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கு உரியவை. நம் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரிவதில்லை. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியும். பல நேரங்களில் தொட்டுப் பார்த்து உணரும் வெதுவெதுப்பே முதல் தடயமாகிறது. 1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுக்கத் தொடங்கி, இன்று 6 வகைகளாக வழங்கும் தோல்நிறப் பட்டியலில் நம்மவர் பெரும்பாலும் 4, 5 ஆகிய வகைகளில் அடங்குவர். பயிற்சி தருபவரிடம் "4-ஆம், 5-ஆம் வகைத் தோலில் நீங்கள் செய்த சிகிச்சையின் படங்களைக் காட்டுங்கள், மூன்று மாதம் கழித்து எடுத்த படங்களையும் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் நீங்கள் கற்பது உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குப் பொருந்தாது.

அடுத்து, சூடு. எந்தக் கருவியானாலும் செய்வது ஒன்றே: குழாயின் சுவரைச் சூடாக்கி ஒட்டிக்கொள்ளச் செய்தல்; பிறகு உடல் அதைச் சிறுகச் சிறுக அகற்றிவிடும். குழாயைச் சுடும் சூடு அருகிலுள்ள தோலைச் சுடாமல் இருப்பது எப்படி என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி. 1970-களில், பிறவியிலேயே தோலில் படர்ந்திருக்கும் செந்நிறப் போர்ட் வைன் மறுக்களுக்குப் பயன்பட்ட ஆர்கான் லேசர், இடைவிடாது பாய்ந்த ஒளியால் சுற்றுத் திசுவையும் வேகவைத்துப் பலருக்கு வடுவை விட்டுச்சென்றது. 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் அதற்கு விடை கண்டார்கள். குழாயிலுள்ள ஹீமோகுளோபின் விரும்பி உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து, குழாய் தன் சூட்டை வெளியே விடும் நேரத்துக்குள் ஒளியை நிறுத்திவிட்டால், சூடு குழாய்க்குள்ளேயே அடங்கும் என்பது அவர்களுடைய கோட்பாடு. 0.1 மி.மீ. குழாய் தன் சூட்டில் பாதியை இழக்க ஏறக்குறைய 5 மில்லிவினாடி ஆகிறது, 0.3 மி.மீ. குழாய்க்கு 40 மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது. அகலம் மூன்று மடங்கானால் நேரம் ஒன்பது மடங்காகிறது. இந்த ஒரு கணக்கை மாணவர் மனத்தில் பதித்துவிட்டால், "மூக்கோரத்துக்கு 30 வை, கன்னத்துக்கு 20 வை" என்ற மனப்பாட எண்கள் தேவைப்படா. குழாயைப் பார்த்து, அதன் அகலத்தை மதிப்பிட்டு, எவ்வளவு நேரம் என்று அவரே முடிவுசெய்வார். விற்பனையாளரின் ஒரு நாள் வகுப்பில் தரப்படுவது மனப்பாட எண்கள்தாம்.

தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சுகிறது என்பது நம் சிக்கல். 532 நானோமீட்டர் கே.டி.பி. லேசர் சிறிய சிவப்புக் கோடுகளுக்கு மிக நன்று. ஆனால் அந்த அலைநீளத்தை மெலனினும் பெரிதும் விரும்பும் என்பதால் பழுப்புத் தோலில் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம். 595 நானோமீட்டர் சாய லேசரில் அந்த ஆபத்து சற்றுக் குறைவு. ஐ.பி.எல். எனப்படும் ஒளித்துடிப்புக் கருவி லேசரைப் போல ஒற்றை அலைநீளம் உடையதன்று; பல அலைநீளங்களை ஒன்றாகப் பாய்ச்சும். தவறான வடிகட்டியோடு நம் தோலில் வைத்தால், கருவியின் தலை வடிவத்திலேயே செவ்வகச் சூட்டுத் தழும்புகள் வரிசையாக விழும். நான் பார்த்த மோசமான முகங்கள் அவைதாம். 1064 நானோமீட்டர் என்.டி.யாக் மெலனினைப் பெருமளவு கடந்து செல்வதால் நம் நிறத்துக்குப் பாதுகாப்பானது என்று விளம்பரங்கள் சொல்லும். மேல்தோலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்த அலைநீளத்தை ஹீமோகுளோபினும் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பதால் அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. ஒளி ஆழமாகவும் இறங்குகிறது. அளவு மீறினால் மேலே எச்சரிக்கை ஏதும் தெரியாமலே அடியில் வெந்து, பள்ளமான வடுவாக முடியலாம். சிகிச்சையின்போது குழாய் வெளிறுவதோ கருப்பதோ நாம் எதிர்பார்க்கும் அடையாளம். சுற்றியுள்ள தோல் சாம்பல் நிறம் காட்டினால் அந்தக் கணமே நிறுத்திக் குளிரூட்ட வேண்டும். இந்த இரண்டு நிற மாற்றங்களையும் நேரில், பயிற்சியாளரின் அருகில் நின்று பலமுறை பார்க்காமல் கற்க முடியாது.

நீங்கள் வாங்க நினைப்பது ஊசிமுனை டயதெர்மி இயந்திரம் என்று உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன். மெல்லிய ஊசியின் முனையில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் நொடியின் ஒரு சிறு பகுதி நேரம் பாய்ந்து குழாயைச் சுடுகிறது. இதில் ஒளி இல்லை. ஆகவே மெலனின் உறிஞ்சும் பிரச்சினையும் இல்லை. பழுப்புத் தோலுக்கு இது உண்மையான நன்மை. ஆனால் இதிலும் சூடு சூடுதான்; சூடு பட்ட பழுப்புத் தோல் கருத்துப்போகும் இயல்புடையது என்பதை மறக்க முடியாது. மேலும் லேசரில் இயற்பியல் செய்யும் தேர்வை இங்கே உங்கள் கை செய்ய வேண்டும்.

கைப் பயிற்சியை நான் கோழித்தோலில் தொடங்குவேன். குழாய்கள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன; ஊசி அதற்கும் கீழே இறங்கினால் வடு, மேலேயே நின்றால் மேல்தோல் சூடு. கையைக் கன்ன எலும்பிலோ தாடையிலோ ஊன்றி, ஊசியைச் சாய்த்து, குழாயின் வழியே ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி குழாய் மறைவதைப் பார்த்தால், கற்பவர்களுக்கு விட்டுப்போன இடத்தையும் இப்போதே முடித்துவிட வேண்டும் என்ற வேகம் வந்துவிடுகிறது. பெரும்பாலான வடுக்கள் அந்த வேகத்தில் பிறந்தவை. நான் கற்ற காலத்தில் ஒருவருடைய இடது மூக்கிதழில், பிடிவாதமாகத் திரும்பி வந்த குழாய் ஒன்றை ஒரே அமர்வில் மூன்று முறை சுட்டேன். குழாய் போயிற்று. அந்த இடத்தில் பதிந்த சிறு பள்ளங்களின் வரிசை போகவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அந்த முகத்தை நினைக்காமல் இன்றும் நான் மூக்கிதழில் ஊசி வைப்பதில்லை. மூக்கிதழின் குழாய்களில் இரத்த ஓட்டத்தின் வேகம் அதிகம். அவை திரும்பி வருவது இயல்பு. இரண்டு, மூன்று அமர்வுகள் தேவைப்படும் என்று தொடக்கத்திலேயே சொல்லி, அமர்வுகளுக்கிடையே 6 முதல் 8 வாரம் இடைவெளி விடுவதே சரியான வழி.

எத்தனை முகங்கள் செய்தால் தனியாகச் செய்யலாம் என்று நீங்கள் கேட்கக்கூடும். என் மாணவர்களிடம் நான் கேட்பது, அருகிலிருந்து பார்த்த 10 சிகிச்சைகள், என் கண் முன்னால் அவர்கள் செய்த 20 சிகிச்சைகள், அவற்றுள் குறைந்தது பாதியில் மூன்றாம் மாதப் படம். இது என் கணக்கு, சட்டத்தின் கணக்கு அன்று. மூன்றாம் மாதப் படத்தை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சிகிச்சை முடிந்த கணத்தில் எல்லா முகமும் அழகாகத்தான் இருக்கும், கருந்தழும்பும் பள்ளமும் அதன் பிறகே தெரியவரும். தன் வேலையின் விளைவைத் தானே பார்க்காதவர் நூறு முகம் செய்தாலும் முதல் முகத்தில் செய்த தவறையே செய்துகொண்டிருப்பார்.

யாருக்குச் செய்யக் கூடாது என்ற பட்டியலை எந்தக் கையேட்டிலும் காணலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயத்தில் பேஸ்மேக்கரோ டிஃபிபிரிலேட்டரோ பொருத்தியவர்களுக்கு டயதெர்மி கூடாது. புடைத்து வளரும் கீலாய்டு வடு வரும் இயல்புடையவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கடும் முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுப்பவர்கள், வாயோரத்தில் அக்கிப் புண் அடிக்கடி வருபவர்கள் ஆகியோரை மருத்துவரிடம் கேளாமல் மேசையில் படுக்க வைக்க வேண்டாம். கண்குழியின் எலும்பு விளிம்புக்கு உட்புறம் எந்தக் கருவியோடும் செல்லாதீர்கள். லேசர் அறையில் அந்தந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியை இருவரும் அணிய வேண்டும். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது; விழித்திரையில் குவிந்து அதை எரித்தாலும் வலிக்காது.

மருந்தை ஊசியால் குழாய்க்குள் செலுத்தி அடைக்கும் ஸ்கிளரோதெரபி கால்களுக்கு நல்ல சிகிச்சை. அதையே முகத்துக்கும் செய்யலாம் என்று ஒரு வகுப்பில் யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மூக்கோரத்துச் சிரைகள் கண்குழியின் சிரைகளோடும், அவற்றின் வழியே மூளையின் அடிப்பகுதியிலுள்ள கேவர்னஸ் சைனஸ் என்னும் பெரிய சிரை அறையோடும் தொடர்புடையவை. மருந்து தவறான வழியில் சென்றால் பார்வை போகலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை இங்கிலாந்தில் நிலைமை ஒரே சீராக இல்லை. 2013-இல், அப்போது என்.எச்.எஸ். மருத்துவ இயக்குநராக இருந்த சர் புரூஸ் கியோ தலைமையில் வந்த ஆய்வறிக்கை, அழகுச் சிகிச்சைகளுக்கு முறையான பயிற்சித் தரம் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டிய பின்னர், 2016-இல், சுகாதாரப் பணியாளர் பயிற்சியைக் கவனித்துவந்த ஹெல்த் எஜுகேஷன் இங்கிலாந்து என்னும் அரசு அமைப்பு 5 வகைச் சிகிச்சைகளுக்குத் தகுதித் தேவைகளை வெளியிட்டது. லேசரும் ஐ.பி.எல்.லும் அவற்றுள் ஒன்று. ஊசிமுனை டயதெர்மி அந்த ஐந்தில் தனியாக இடம்பெறவில்லை. உங்கள் விற்பனையாளர் ஒரு நாளில் சான்றிதழ் தர முடிவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். 2022-ஆம் ஆண்டின் ஹெல்த் அண்ட் கேர் சட்டம், இத்தகைய சிகிச்சைகளுக்கு உரிம முறை கொண்டுவரும் அதிகாரத்தை அரசுக்கு அளித்திருக்கிறது; 2023-இல் அதைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தும் கேட்கப்பட்டது. லண்டனில் 1991-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ், ஒளியாலும் மின்சாரத்தாலும் செய்யும் சிறப்புச் சிகிச்சைகளுக்குக் கவுன்சில் உரிமம் தேவைப்படுகிறது. ஆகவே இயந்திரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கவுன்சிலில், "இந்தச் சிகிச்சைக்கு நீங்கள் எந்தத் தகுதியை ஏற்பீர்கள்?" என்று எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் அவ்வாறே கேளுங்கள். சி.பி.டி. எனப்படும் தொடர் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் என்பது வகுப்புக்குப் போனதற்கான சான்று. இங்கிலாந்தில் கல்வித் தகுதிகளைக் கண்காணிக்கும் ஆஃப்குவால் ஒழுங்குபடுத்தும் நான்காம் நிலைத் தகுதி, செய்முறைத் தேர்வோடு வருவது. இரண்டையும் ஒரே சட்டகத்தில் சுவரில் மாட்டினால் வாடிக்கையாளருக்கு வேறுபாடு தெரியாது; உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வாடிக்கையாளரிடம் பேசும் பயிற்சியையும் பலர் விட்டுவிடுகிறார்கள். இருக்கும் குழாயை நீக்குகிறோம், புதியவை வருவதைத் தடுக்கவில்லை என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். வெயிலும் அடுப்பின் அனலும் ரோசேசியாவும் இருக்கும்வரை புதியவை வரும். ஒரு வாரம், பத்து நாள்வரை சிறு பொருக்குகள் இருக்கும். அவற்றைப் பிய்த்தால் தழும்பு நிற்கும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் காப்புக் கிரீமைப் பழுப்புத் தோலினரும் நாள்தோறும் பூச வேண்டும். "நமக்கெதற்கு அது?" என்று கேட்பார்கள், கருந்தழும்பை நிலைநிறுத்துவது வெயில்தான் என்று பொறுமையாக விளக்க வேண்டும். காதோரத்தில் மறைவான இடத்தில் ஒரு சோதனைப் புள்ளி வைத்து, வெள்ளைத் தோலினரைவிட நம்மவர்களுக்கு அதிக நாள், நான் 4 வாரமாவது, காத்திருந்து பார்ப்பதுண்டு. சூட்டுக்குப் பின் வரும் கருமை முதல் வாரத்தில் தெரியாமல் மூன்றாம் வாரத்தில் தெரிவது வழக்கம். திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் வந்து கேட்பவரிடம் முடியாது என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு என் யோசனை இது. விற்பனையாளரிடம் இப்போதைக்கு முன்பணம் கட்ட வேண்டாம். ஒரு கண்ணாடித் தகடும், முனைவாக்கப்பட்ட ஒளியுள்ள சாதாரண டெர்மோஸ்கோப்பும், ஒரு குறிப்பேடும் வாங்குங்கள். ஏற்கெனவே முகச் சிகிச்சைக்காக உங்களிடம் வருபவர்களில் ஒப்புதல் தருபவர்களின் முகத்தை மூன்று மாதம் பாருங்கள். எங்கே குழாய் இருக்கிறது, எவ்வளவு அகலம், அழுத்தினால் மறைகிறதா, எங்கிருந்து நிரம்புகிறது, என்ன கிரீம் பூசுகிறார், எதை மருத்துவரிடம் அனுப்புவீர்கள் என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பேட்டோடு செய்முறைத் தேர்வுள்ள நான்காம் நிலை வகுப்பு ஒன்றுக்குச் சென்று, நீங்கள் எழுதியவற்றில் எது சரி, எது தவறு என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அவர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து திருத்தினால் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இயந்திரத்தை எப்போது வாங்கலாம் என்பதையும் அவரே சொல்வார்.